பாயா, எஞ்சினா? குறைந்த செலவில் கடலோட நினைப்பவர்களின் கணக்கு

(பொது அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1911-ல் தாமஸ் ஃப்ளெமிங் டே என்ற அமெரிக்கர், 25 அடி நீளமுள்ள 'சீ பேர்ட்' என்ற பாய்மரப் படகில் இரண்டு தோழர்களை ஏற்றிக்கொண்டு ரோட் ஐலண்டிலிருந்து கிளம்பினார். அட்லாண்டிக்கைக் கடந்து, ஜிப்ரால்டர் வழியாக ரோம் வரை போனார். படகோட்டிகளுக்காக வெளிவந்த 'தி ரடர்' இதழின் ஆசிரியர் அவர். மறு ஆண்டே, 'டெட்ராய்ட்' என்ற 35 அடி மோட்டார் படகில் பெட்ரோல் எஞ்சினை நம்பி அதே பெருங்கடலைக் கடந்தார். அயர்லாந்தைத் தொட்டு, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை அந்தப் பயணம் நீண்டது.

ஒரே மனிதர், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள், ஒரு முறை பாய், ஒரு முறை எஞ்சின். எதை நம்பிக் கடல் கடக்க முடியும் என்ற விவாதம் அன்றைக்கே முடிந்துவிட்டது. இரண்டிலும் முடியும். இன்று கேட்க வேண்டியது வேறு. கையில் அளவான பணம் உள்ள ஒரு தம்பதி, பெரும்பாலும் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்கள், மாதக்கணக்கில் படகிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போக விரும்பினால் எதை வாங்குவது? அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏராளமானவர்கள் இந்தக் கேள்வியோடு பழைய படகுகளைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். குளிர் தொடங்கும்போது செசபீக் விரிகுடாவிலிருந்து தெற்கே ஃப்ளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் போய், புயல் பருவம் தொடங்கும் ஜூன் மாதத்துக்கு முன்பாக வடக்கே திரும்புவது அங்கே ஒரு வாழ்க்கை முறை. இந்த உரையின் கணக்குகளெல்லாம் பெரும்பாலும் அந்தத் தடத்தை வைத்துப் போடப்பட்டவை.

எஞ்சினை நம்புகிறவர்கள் தேடுவது டிராலர். டிராலர் என்றதும் நாகப்பட்டினத்திலோ ராமேஸ்வரத்திலோ நிற்கும் இழுவைமடி விசைப்படகுதான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே பேசப்படும் டிராலரில் வலையும் இல்லை, மீன் கிடங்கும் இல்லை. மீன்பிடிப் படகின் கனத்த, மெதுவாகப் போகும் உடலை எடுத்துக்கொண்டு, மேலே சமையலறை, படுக்கை, கண்ணாடி சன்னல் வைத்த சுக்கான் அறை எல்லாம் கட்டிய பயணப் படகு அது. 1960-களில் ஹாங்காங்கில் இருந்த அமெரிக்கன் மரீன் என்ற கட்டுத்தளம் 'கிராண்ட் பேங்க்ஸ்' என்ற பெயரில் 32 அடி, 36 அடி, 42 அடி அளவுகளில் இவற்றைக் கட்டி விற்றது. பிறகு வேலை சிங்கப்பூருக்கு மாறியது. 1973 வாக்கில் மரத்தை விட்டுவிட்டு ஃபைபருக்கு வந்தார்கள். தைவானின் கட்டுத்தளங்களும் இதே சாயலில் நிறையப் படகுகளைக் கட்டித் தள்ளின. இன்று மலிவாகக் கிடைக்கும் டிராலர்களில் பெரும்பங்கு 1970-களிலும் 80-களிலும் இப்படி ஆசியாவில் பிறந்தவை.

அவற்றில் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பது ஃபோர்டு லேமன் என்ற 120 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். இங்கிலாந்து ஃபோர்டு கம்பெனி லாரிக்காகச் செய்த ஆறு சிலிண்டர் எஞ்சினை, நியூ ஜெர்சியில் லேமன் நிறுவனம் கடலுக்கு ஏற்றபடி மாற்றியது. ஒழுங்காகப் பராமரித்தால் பல்லாயிரம் மணி நேரம் ஓடும் என்று பெயர் வாங்கியது. ஒழுங்கான பராமரிப்பு என்றால் என்ன என்பதற்கு ஒரு சிறு விவரம் போதும். இந்த எஞ்சினின் டீசல் பம்புக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய எண்ணெய்க் குழி உண்டு. எஞ்சின் எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தக் கொஞ்சம் எண்ணெயை வடித்து மாற்ற வேண்டும். இது தெரியாமலே படகை வாங்கி ஓட்டுகிறவர்கள் உண்டு. விற்பவரிடம் அந்தப் பம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் அந்த எஞ்சினை எப்படி வைத்திருந்தார் என்பது அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கம் பாய்மரப் படகு. அமெரிக்காவில் ஃபைபர் படகுகள் பெருகத் தொடங்கிய 1960-களிலும் 70-களிலும் கட்டியவை இன்னும் திடமாக மிதக்கின்றன. 28 அடி பியர்சன் ட்ரைட்டன், 34 அடி டார்ட்டன், 30 அடி கேட்டலினா போன்றவை பயன்படுத்திய காரின் விலைக்குக்கூடக் கிடைக்கும். அதே வயது, அதே நீளமுள்ள டிராலர் பொதுவாக இதைவிடப் பல மடங்கு விலை சொல்லும். வாங்கும் நாளில் பாய்மரப் படகு முந்திக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் கணக்கு சிக்கலாகிறது.

பலர் எரிபொருளிலிருந்து தொடங்குகிறார்கள். காற்று இலவசம், டீசல் காசு, ஆகவே பாய் மலிவு என்கிறார்கள். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை கரையை ஒட்டி உள்ளே ஓடும் நீர்வழியை எடுத்துக்கொள்வோம். இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்று பெயர். ஆறுகள், காயல்கள், வெட்டிய கால்வாய்கள் எல்லாம் இணைந்த இந்த வழி சுமார் 1,090 மைல். ஒற்றை எஞ்சின் உள்ள 36 அடி டிராலர் மணிக்கு 8 மைல் போகும், அதற்கு மணிக்கு ஏழரை லிட்டர் டீசல் குடிக்கும் என்று வைத்தால், 136 மணி நேரத்தில் ஆயிரம் லிட்டரைத் தாண்டும். பாய்மரப் படகு இந்த வழியில் என்ன செய்யும்? கால்வாய் குறுகல், வளைவுகள் அதிகம், பாலங்கள் வழியெங்கும். பாயை விரிக்க இடம் கிடைப்பது அபூர்வம். அதுவும் தன் சின்ன டீசல் எஞ்சினில்தான் பெரும்பாலும் போகும். மணிக்கு ஆறேகால் மைல், மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று போட்டால் மொத்தம் 500 லிட்டர். வித்தியாசம் 500 லிட்டர்தான். லிட்டர் ஒரு டாலர் என்று எடுத்துக்கொண்டால், போக வர ஆயிரம் டாலர்.

இனி பாய்மரப் படகின் பக்கத்துச் செலவு. பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்திருக்கும் எஃகு வடங்கள் 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் தேய்ந்து களைத்துப்போகும். பல காப்பீட்டு நிறுவனங்கள் அந்த வயதுக்கு மேல் புது வடம் போடச் சொல்கின்றன. வெயிலில் பாய்த்துணி நைந்துபோகும். ஒரு செட் புதுப் பாய், ஒரு செட் புது வடம் என்றால் பல ஆயிரம் டாலர். டிராலர்காரர் பல ஆண்டுகள் கூடுதலாக எரிக்கும் டீசலின் காசு அதில் போய்விடும். காற்று இலவசம்தான், அதைப் பிடிக்கும் சாதனம் இலவசமில்லை.

அப்படியானால் பணம் உண்மையில் எங்கே போகிறது? படகின் நீளத்தில், இன்னும் சரியாகச் சொன்னால் எடையில். படகுத்துறைகள் அடிக்கணக்கில் வாடகை வாங்குகின்றன. நங்கூரம், சங்கிலி, பெயின்ட், பம்பு, கயிறு எல்லாமே படகின் கனத்தோடு பெருகுகின்றன. ஒரே வடிவத்தில் 30 அடிப் படகை 40 அடியாக்கினால் நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். எடை இரண்டே கால் மடங்கைத் தாண்டிவிடும். 36 அடி கிராண்ட் பேங்க்ஸ் ஏறக்குறைய 12 டன். 34 அடி டார்ட்டன் பாய்மரப் படகு 5 டன். இந்த ஏழு டன் வித்தியாசம்தான் வருடம் முழுவதும் பில்லாக வந்துகொண்டே இருக்கும். டிராலர் என்று முடிவு செய்தவர்கள்கூட 42 அடியைப் பார்க்காமல் 32 அடியைப் பார்ப்பது நல்லது. இரண்டு எஞ்சின் பாதுகாப்பு என்று சொல்லி விற்பார்கள். இரண்டு எஞ்சின் என்றால் எண்ணெய், ஃபில்டர், குளிர்நீர்ப் பம்பு எல்லாம் இரண்டு. ஒற்றை எஞ்சின் டிராலரில் உந்துவிசிறியை அடிக்கட்டை மறைத்துக் காக்கிறது. இரட்டை எஞ்சினில் பல படகுகளில் விசிறிகள் இருபுறமும் திறந்து கிடக்கும். ஒரு மணல்திட்டு போதும், வளைந்துபோக. அமெரிக்கக் கரையோரத்தில் ஆண்டுச் சந்தா கட்டினால் எஞ்சின் நின்ற படகை இழுத்துவரும் சேவைகள் இருக்கின்றன. இரண்டாவது எஞ்சினைச் சுமப்பதைவிட அந்தச் சந்தா எவ்வளவோ மலிவு.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இரண்டு வகைப் படகுகளும் தண்ணீரைப் பிளந்து தள்ளிக்கொண்டு போகிறவை, மேலே எழும்பிப் பறக்கிறவை அல்ல. நீர்மட்டத்தில் படகின் நீளம் 36 அடி என்றால் அதன் இயல்பான உச்ச வேகம் மணிக்கு 8 கடல் மைல். தான் எழுப்பும் அலையே அதற்கு மேல் அதை விடாது. 8-ஐத் தொட முயலும்போது டீசல் கொட்டும். ஆறரைக்கு இறங்கினால் ஒரு மணி நேரச் செலவு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். டிராலரில் சிக்கனம் என்பது பெரும்பாலும் வலது கையில், அந்த ஆக்சிலரேட்டர் நெம்புகோலில் இருக்கிறது.

ஆனாலும் தேர்வைக் கடைசியில் முடிவு செய்வது நீங்கள் போகப்போகும் தண்ணீர்தான். ஆழம், உயரம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

உயரத்தைப் பாருங்கள். இன்ட்ராகோஸ்டல் வழியில் நிலையான பாலங்களுக்குப் பொதுவாக 65 அடி உயர இடைவெளி. மயாமியில் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடி. அதற்கு மேல் உயர்ந்த பாய்மரம் உள்ள படகு அந்த இடத்தில் உள்வழியை விட்டுவிட்டு வெளிக்கடலுக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். அமெரிக்காவின் கிழக்குப் பாதியைச் சுற்றி வரும் 'கிரேட் லூப்' என்ற ஆறாயிரம் மைல் நீர்வழியில், சிகாகோவுக்குத் தென்மேற்கே ஒரு பாலம் இருக்கிறது. இடைவெளி இருபது அடிகூட இல்லை. அதைத் தவிர்க்க வேறு வழியில்லை. பாய்மரப் படகுகள் பாய்மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்துப் போகின்றன. பிரான்சின் கால்வாய்களில் மூன்றரை மீட்டர் உயரம்தான் கணக்கு. இந்த வழிகள்தான் உங்கள் கனவு என்றால் பாய்மரம் வெறும் சுமை.

ஆழத்தைப் பாருங்கள். ஜார்ஜியா மாநிலத்தில் ஓதம் ஏழு அடிக்கு மேல் ஏறி இறங்கும். ஹெல் கேட் என்ற குறுகிய வாய்க்கால் வற்றுநீரில் பல படகுகளைச் சேற்றில் உட்கார வைத்திருக்கிறது. 36 அடி டிராலர் நான்கு அடித் தண்ணீரில் போகும். சாதாரணப் பாய்மரப் படகுக்கு ஐந்தோ ஆறோ வேண்டும். இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு முன்பு சொன்ன டார்ட்டன் 34. அதன் நடுவிலுள்ள பலகையைத் தூக்கிவிட்டால் நான்கு அடிக்குள் அடங்கிவிடும்.

பஹாமாஸுக்குப் போகும்போது கணக்கு மறுபடி திரும்புகிறது. மயாமிக்கும் பிமினித் தீவுக்கும் நடுவே ஏறத்தாழ 50 மைல். அதன் குறுக்கே வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி விரைந்து ஓடுகிறது. வடக்கிலிருந்து காற்று வீசினால் நீரோட்டமும் காற்றும் மோதி, அலைகள் செங்குத்தாக எழும்பும். எந்தப் படகாக இருந்தாலும் காற்று திரும்பும் வரை துறையில் காத்திருப்பதுதான் புத்தி. கடந்துபோனபின், கண்ணாடி போன்ற தண்ணீரில் நங்கூரமிட்டு வாரக்கணக்கில் தங்கும் வாழ்க்கை தொடங்குகிறது. அங்கே டீசல் விலை ஏறிப்போகும், நல்ல தண்ணீர்கூடப் பல இடங்களில் காசு. பழைய டிராலர்கள் பலவற்றில் மின்சார அடுப்பு. சோறு வடிக்கவே ஜெனரேட்டர் ஓட வேண்டும். இரண்டு சூரியத் தகடும் ஒரு எரிவாயு அடுப்பும் உள்ள பாய்மரப் படகு ஓசையில்லாமல் அங்கே காலம் தள்ளும். தீவுக்குத் தீவு போகையில் காற்றும் பெரும்பாலும் கிடைக்கும்.

வடமேற்குக் கரையில் நிலைமை தலைகீழ். சியாட்டில் பக்கத்திலிருந்து கனடா வழியாக அலாஸ்கா வரை தீவுகளுக்கு நடுவே போகும் உள்வழியில், கோடையில் காற்று அடங்கிக் கிடக்கும், அல்லது நேர் எதிரே வீசும். வடக்கே போகப் போக மழையும் அதிகம். பாய்மரப் படகில் போகிறவர் மழைக்கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு எஞ்சினில் போய்க்கொண்டிருப்பார். டிராலர்காரர் சூடான அறைக்குள் காப்பியோடு நின்று சுக்கான் பிடிப்பார். அங்கே வசிப்பவருக்குப் பாய்மரப் படகைப் பரிந்துரைப்பது கடினம்.

பெருங்கடல் தாண்ட வேண்டும் என்றால் மலிவுக்கு ஒரே பதில்தான். சிறிய பாய்மரப் படகு. கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்கு 2,700 கடல் மைல். 36 அடி கிராண்ட் பேங்க்ஸ் சுமக்கும் டீசல் 1,500 லிட்டர். கடைசிச் சொட்டு வரை எரித்தாலும் பாதி தூரத்தை ஒட்டித்தான் வரும். எஞ்சினில் பெருங்கடல் கடக்கும் சிறிய படகுகள் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக இருந்த ராபர்ட் பீப், 'பாசேஜ்மேக்கர்' என்ற 50 அடிப் படகைத் தானே வடிவமைத்து, சிங்கப்பூரில் கட்டி, 1963-ல் அங்கிருந்து கிரீஸ் வரை ஓட்டிக் காட்டினார். 1975-ல் அவர் எழுதிய நூல் இன்றும் எஞ்சின் பயணிகளின் பாடப்புத்தகம். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த நார்தாவன் நிறுவனத்தின் 40 அடிப் படகொன்று 2001, 2002 ஆண்டுகளில் உலகையே சுற்றியது. ஆனால் அத்தகைய படகின் விலை வீட்டு விலை. சிக்கனப் பயணி என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் மனிதருக்கு அது எட்டாது.

பாயில் போனவர்களின் கதை வேறு. லின் பார்டி, லாரி பார்டி தம்பதி 1968-ல் கலிஃபோர்னியாவில் தங்கள் கையால் கட்டி மிதக்கவிட்ட 'செராஃபின்' 24 அடிதான். அதில் எஞ்சினே கிடையாது. அதிலேயே உலகைச் சுற்றினார்கள். வழியில் துறைகளில் பிறர் படகுகளைப் பழுதுபார்த்தும், வேறு துறைகளுக்கு ஓட்டிச்சென்று ஒப்படைத்தும், கட்டுரை எழுதியும் சம்பாதித்தார்கள். ஜேம்ஸ் பால்ட்வின் என்பவர் 28 அடி பியர்சன் ட்ரைட்டனில் இரண்டு முறை உலகைச் சுற்றியவர். படகுக்குள் இருந்த எஞ்சினையே பிடுங்கி எறிந்தார். நம்மவர்களுக்கு நெருக்கமான ஒரு பெயரும் இந்த வரிசையில் வருகிறது. 1928 முதல் 1931 வரை 32 அடி 'ஸ்வாப்' படகில் உலகைச் சுற்றிய வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்தான், பின்னாளில் வல்வெட்டித்துறைத் தமிழர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை விரும்பி வாங்கினார். அது 1938-ல் அட்லாண்டிக் தாண்டி மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

கடல் கொந்தளிக்கும்போது இரண்டும் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் மறைக்கக் கூடாது. பாய்மரப் படகின் அடியில் ஈயமோ இரும்போ பாரமாகத் தொங்குகிறது. கவிழ்ந்தாலும் எழும்பி நிற்கப் பார்க்கும். 1979-ல் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியில் புயல் அடித்தபோது 303 படகுகள் கடலில் இருந்தன. 15 போட்டியாளர்கள் உயிரிழந்தார்கள். மாலுமிகள் கைவிட்டுப்போன 24 படகுகளில் மூழ்கியவை 5 மட்டுமே. மற்றவை மனிதர் இல்லாமலே மிதந்துகொண்டிருந்தன. டிராலரின் குறை அன்றாடம் தெரிவது. பக்கவாட்டில் அலை வந்தால் தொட்டிலாக ஆடும். பாய் விரித்த படகைக் காற்றே ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும். டிராலரைப் பிடிக்க யாருமில்லை. பீப் இரு பக்கமும் நீண்ட கழிகளை இறக்கி, நீருக்கடியில் உலோகத் தகடுகளை இழுத்துச் சென்று ஆட்டத்தை அடக்கினார். மீனவர்கள் கையாண்ட முறை அது. இன்றைக்குச் சுழல்சக்கரம் வைத்து ஆட்டத்தை நிறுத்தும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றின் விலைக்கு ஒரு நல்ல பழைய பாய்மரப் படகையே வாங்கலாம்.

ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறது, அதைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள்தான் அதிகம். அறுபதைக் கடந்த முழங்கால்களுக்கு, பாய்மரப் படகின் செங்குத்து ஏணியில் நாளைக்கு இருபது முறை ஏறி இறங்குவது சிறிய விஷயமில்லை. கணவனுக்குப் பாய் மேல் காதல், மனைவிக்குக் குளிரும் சாய்வும் பிடிக்காது என்ற வீடுகளில் படகு ஒரே பருவத்தில் விற்பனைக்கு வந்துவிடுகிறது. இருவரும் சேர்ந்து தங்கக்கூடிய படகுதான் மலிவான படகு. பாயில் பல ஆண்டு பழகியவர்கள் வயதானபின் டிராலருக்கு மாறுவது கடற்கரையெங்கும் காணும் காட்சி. மறுதிசையில் மாறுகிறவர்கள் மிகக் குறைவு.

எதை வாங்கினாலும் அது நாற்பது, ஐம்பது வயதான படகாகத்தான் இருக்கும். தைவான் டிராலர் என்றால் படகு ஆய்வாளர் முதலில் செய்வது, மேல்தளத்துத் தேக்குப் பலகை மேல் மண்டியிட்டு, சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவது. திடமான இடத்தில் 'டக்' என்று கூர்மையாக ஒலிக்கும். தண்ணீர் இறங்கி உள்மரம் இற்றுப்போன இடத்தில் ஒலி செத்துப்போய் 'தொம்' என்று வரும். தேக்கைப் பிடித்திருக்கும் நூற்றுக்கணக்கான திருகாணிகளில் ஒவ்வொன்றும் தண்ணீர் இறங்க ஒரு வழி. அடுத்தது இரும்பு டீசல் தொட்டி. எஞ்சின் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கும் அது துருப்பிடித்துக் கசிந்தால், எஞ்சினைத் தூக்கினால்தான் தொட்டி வெளியே வரும் என்ற நிலையிலுள்ள படகுகளும் உண்டு. அந்த ஒரு வேலை படகின் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

பாய்மரப் படகில் பார்க்க வேண்டியது வேறு இடம். வடங்கள் படகின் உடலோடு சேரும் எஃகுப் பட்டைகள் தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குகின்றன. உள்ளே அலமாரியைத் திறந்து டார்ச் அடித்தால், பட்டையின் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருக்கிறதா என்று தெரியும். இருந்தால் தளத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியில் எஃகு அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. பலத்த காற்றில் அது அறுந்தால் பாய்மரமே சாய்ந்துவிடும். எழுபதுகளின் படகுகளில் அட்டாமிக் ஃபோர் என்ற பெட்ரோல் எஞ்சின் இன்னும் இருக்கலாம். நல்ல எஞ்சின்தான், ஆனால் மூடிய அறைக்குள் பெட்ரோல் ஆவி தேங்கினால் ஆபத்து. டீசலுக்கு மாற்றிவிட்ட படகுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே.

ஆக, செசபீக்கிலிருந்து பஹாமாஸ் வரை போய்வர நினைக்கும் நம் தம்பதிக்கு என்ன சொல்லலாம்? சேமிப்பு சிறியது, முழங்கால் நன்றாக இருக்கிறது, ரிப்பேர் வேலையைத் தாங்களே செய்வார்கள் என்றால், ஆழம் குறைவாகக் கேட்கும் 30 முதல் 34 அடி வரையிலான பாய்மரப் படகுதான். கையிருப்பு கொஞ்சம் கூடுதல், பஹாமாஸை விட உள்வழி ஊர்களில்தான் மனம் நிற்கிறது, ஏணி வேண்டாம் என்றால், ஒற்றை எஞ்சின் 32 அடி டிராலர். இரண்டையும் கலந்த மோட்டார் செய்லர் என்று ஒரு வகை உண்டு. அதில் பாயின் செலவும் எஞ்சினின் செலவும் ஒன்றாக வந்து சேரும் என்பதால் சிக்கனக்காரருக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

முடிவு எடுக்கும் முன் வாடகைப் படகில் ஒரு வாரம் போய் வருவது நல்லது. மேரிலாந்தின் அன்னாபொலிஸில் பாய்மரப் படகுகளும், வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்ட்டஸ், பெல்லிங்ஹாம் துறைகளில் கிராண்ட் பேங்க்ஸ் டிராலர்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. வெயிலும் மிதமான காற்றும் உள்ள வாரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டாம். மழையும் எதிர்க்காற்றும் வரக்கூடிய பருவத்தில் எடுத்து, இருவரும் மாறி மாறிச் சுக்கான் பிடித்து, மாறி மாறிச் சமைத்துப் பார்க்க வேண்டும்.